மாவு சாரும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும்

எங்கள் தெருவில் என்னை 'மாவு சார்' என்று கூப்பிடுவார்கள். மாவுக்காரர் என்று சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை. வெறும் சார் என்று சொல்ல என்னிடம் வேலை இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரு பட்டம் கொடுத்துவிட்டார்கள். முன்பு நான் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒத்தக்கடையில் வீட்டை ஒட்டிய சின்ன அறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அந்தக் கல்லூரி எந்த ரோட்டில் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மதுரையைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் ஒன்று வரும், நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மாவு விற்பதில் எனக்கு வெட்கம் இல்லை. எரிச்சல்தான் இருக்கிறது. வேலை போன புதிதில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "இதையும் ஒரு வாய்ப்பா எடுத்துக்கங்க சார்." சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட வேலை போயிருக்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர்கள், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் மனைவி போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். அப்படி நல்ல வாய்ப்பாக இருந்தால் நீங்களும் வேலையை விட்டுவிட்டு வாங்களேன் என்று கேட்க வாய் வரைக்கும் வரும். மனைவி முறைப்பாள். அடக்கிக்கொள்வேன்.

வேலை போன கதை பெரிய கதை இல்லை. ஊரடங்கு சமயத்தில் சம்பளத்தைப் பாதியாக்கினார்கள். பிறகு அந்தப் பாதியும் நின்றது. கல்லூரி திறந்தபோது எங்கள் துறையில் பிள்ளைகள் சேரவில்லை. ஒரு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது, நாளை முதல் வர வேண்டாம் என்று. கீழே இரண்டு கைகளைக் கூப்பிய படம் வேறு.

வேலை போனதைக்கூட விட்டுவிடலாம். என்னுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் அத்தனையும் அவர்களிடம் மாட்டிக்கொண்டது. அதை விட முடியவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. தனியார் கல்லூரியில் வாத்தியாராகச் சேரும் அன்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருந்து எம்.இ. பட்டம் வரைக்கும் எல்லா ஒரிஜினலையும் ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். இன்ஸ்பெக்ஷனுக்கு வேண்டும் என்பார்கள். இன்ஸ்பெக்ஷன் வரும், போகும். சர்டிபிகேட் மட்டும் பீரோவை விட்டு வராது. பாதி வருஷத்தில் வேறு கல்லூரிக்கு ஓடிவிடக் கூடாதல்லவா, அதற்காக. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். வைத்திருப்பவர்களுக்கும் தெரியும். சட்டம் படித்த ஒருவரிடம் கேட்டேன். கேஸ் போட்டால் கண்டிப்பாக ஜெயிக்கலாம், ஆனால் எப்போது என்று கேட்காதீர்கள் என்றார்.

அந்தக் கவரை அன்றைக்குக் கல்லூரிக்குத் தூக்கி வந்தது என் அப்பா. அவர் மேலூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்தச் சர்டிபிகேட் எது என்று முத்திரையின் கலரை வைத்தே சொல்லிவிடுவார். ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழை ஒழுகாத மூலையாகப் பார்த்து வைத்திருந்தார். நான் வேலையில் சேர்ந்த அன்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்து, ஆபீஸ் ஜன்னலில் நீட்டி, "பத்திரமா வச்சிருங்கய்யா" என்றார். அவர்களும் அவர் சொன்னபடியே பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

வேலை போன பிறகு அப்பா போன் பண்ணும்போதெல்லாம் கேட்பார்.

"சர்டிபிகேட் எல்லாம் கைக்கு வந்துருச்சாய்யா?"

"வந்துருச்சுப்பா. பேங்க் லாக்கர்ல இருக்கு."

"அம்புட்டும் இருக்கா?"

"அம்புட்டும் இருக்கு."

மாவு வியாபாரம் என் மனைவியின் யோசனை. எனக்கு மோட்டார் தெரியும், அவளுக்கு மாவு தெரியும். பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கி, அதன் மோட்டாருக்கு நானே கம்பி சுற்றிக் காயில் கட்டினேன். முதல் வாரம் நான் செய்த காரியத்தை இன்றைக்கும் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். இன்ஜினியர் அல்லவா, பாக்கெட்டை ஒரு பொட்டுக் காற்றுப் புகாமல் சீல் பண்ணினேன். சித்திரை வெயில். மாவு பொங்கியது. பொங்கிய மாவு போக வழியில்லாமல் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி, வாங்கிக்கொண்டு போன அம்மாவின் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலேயே வெடித்தது. மனைவி புடவையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து, மிச்சம் இருந்த எல்லாப் பாக்கெட்டிலும் மேலே ஒரு சின்ன ஓட்டை போட்டாள். அவ்வளவுதான் விஷயம். பொழைப்பு மெல்ல ஓட ஆரம்பித்தது. அவள் மணிக்கட்டு வீங்கியதையும், என் முதுகு பிடித்துக்கொண்டதையும், மின்வெட்டு அன்று அரைத்த மாவை எல்லாம் புளிக்கவிட்டுக் கொட்டியதையும் சேர்த்துத்தான் ஓடியது என்கிறேன். யூட்யூப்காரர் ஒருவர் வந்து எடுத்துப்போன வீடியோவில் இதெல்லாம் வரவில்லை. 'எம்.இ. படித்த மாவு வியாபாரி' என்று தலைப்பு வைத்து, பின்னால் ஒரு பியானோவை ஓடவிட்டிருந்தார்.

இதற்கிடையில் அரசு பாலிடெக்னிக் வேலைக்குப் பரீட்சை எழுதினேன். உளுந்து ஊறும் நேரத்தில் படித்துத்தான் எழுதினேன். பாஸாகிவிட்டேன். சென்னைக்குச் சர்டிபிகேட் சரிபார்க்க வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஒரிஜினல் இல்லாமல் வந்தால் பெயர் போய்விடும். இதை விட்டால் அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கல்லூரி ஆபீஸுக்குப் போனேன். அப்பா கவரை நீட்டிய அதே ஜன்னல்.

"நீங்க நோட்டீஸ் கொடுக்காம போயிட்டீங்கள்ல சார், அதான் நிக்குது" என்றார் உள்ளே இருந்தவர்.

"நான் எங்கண்ணே போனேன்? நீங்கதான வர வேணாம்னு வாட்ஸ்அப்ல போட்டீங்க?"

"ரெக்கார்டுல அப்படி இல்லையே. நீங்களா நின்னுட்டதாத்தான் இருக்கு. கரஸ்பாண்டன்ட் ஒரு வார்த்தை சொன்னா இப்பவே எடுத்துக் கொடுத்துருவேன்."

பீரோ அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. கை நீட்டினால் எட்டும். நான் கரஸ்பாண்டன்ட் என்கிற தாளாளரின் அறைக்கு வெளியே பாதி நாள் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மாவு அன்றைக்குப் புளித்தது.

இரண்டொரு நாளில் பிரின்சிபால் போன் பண்ணினார். குரலில் தேன். "தம்பி, கரஸ்பாண்டன்ட் உங்க வீடியோவப் பாத்தாரு. ரொம்பப் பெருமைப்பட்டாரு. நம்ம காலேஜ்ல ஒரு புரோகிராம் வச்சிருக்கோம், சவால்களை வாய்ப்பா மாத்துறது எப்படின்னு. நீங்கதான் வந்து பேசணும்."

"சார், என் ஒரிஜினல்..."

"வாங்க தம்பி, வந்த இடத்துல எல்லாம் நல்லபடியா முடிச்சுக்கலாம்."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேரம் முடிந்துவிட்டது.

மனைவியிடம் போக மாட்டேன் என்று குதித்தேன். அவள் பாக்கெட் மடித்துக்கொண்டே கேட்டாள். "பொய்யா சொல்லச் சொல்றாங்க? மாவு விக்கிறது நெசந்தான?"

"நெசந்தான். ஆனா அவங்க தள்ளிவிட்டதாலதான் நான் முன்னுக்கு வந்தேன்னு சொல்லச் சொல்றாங்க."

"சொல்லிட்டுக் கவர வாங்கிட்டு வாங்க. நாக்கு என்ன தேஞ்சா போயிரும்?"

அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குக் கோபம்.

போன அன்று கல்லூரி வாசலில் என் படத்தோடு பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். கிரைண்டர் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். 'சவாலைச் சாதனையாக்கிய நம் குடும்ப உறுப்பினர்' என்று கீழே எழுதியிருந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் அந்தக் கல்லூரிச் சுவரில் என் பெயர் எழுதிய ஒரு பலகைகூடக் கிடையாது. பொன்னாடை போர்த்தினார்கள். தாளாளர் பேசினார். "நாங்க சின்னதா ஒரு தட்டு தட்டிவிட்டோம், அவர் பறந்துட்டார்" என்றார். "படிச்ச படிப்பு வீணாகல பாருங்க, கிரைண்டர் மோட்டாரை அவரே சரி பண்றார்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். மேடையில் உட்கார்ந்தால் சிரிப்பு தானாக வந்துவிடுகிறது.

நான் எழுந்து பேசினேன். வெடித்த பாக்கெட் கதையைச் சொன்னேன். பின் வரிசையில் இருந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது. அந்த ஓட்டைதான் வாய்ப்பு, எவ்வளவு நெருக்கடி வந்தாலும் மனசில் ஒரு சின்ன ஓட்டை வைத்துக்கொள்ளுங்கள், வெடிக்க மாட்டீர்கள் என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வசனம் என்று எனக்கே தெரியவில்லை. தாளாளர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "அன்னைக்கு இந்தக் கல்லூரி என்னை வெளியே அனுப்பலைன்னா இன்னைக்கு நான் இந்த மேடையில நின்னிருக்க மாட்டேன். அதுக்கு என்னோட நன்றி."

பேசும்போதே ஒன்றைக் கவனித்தேன். முன் வரிசைகளில் பிள்ளைகள் இல்லை. வாத்தியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் பேசி முடித்தபோது அவர்கள் கை தட்டியது, வருகைப் பதிவுக்குக் கை தூக்குவது மாதிரி இருந்தது.

நினைவுப் பரிசுப் பையில் ஒரு யானைப் பொம்மையும் என் கவரும் இருந்தன. மேடையை விட்டு இறங்கியதும் பிரித்து எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்க விரும்பவில்லை. கண் கலங்கியது. என்னுடைய சொந்தப் பொருளை என்னிடம் திருப்பிக் கொடுத்ததற்கு அவ்வளவு சந்தோஷம்.

டீ குடிக்கிற இடத்தில் கணக்கு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கல்லூரியில் எனக்கு இருந்த ஒரே நண்பர். வீட்டில் சௌராஷ்டிரா பேசுகிறவர், என்னை மட்டும் 'மாப்ள' என்பார். மத்தியானம் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் கை நனைத்தவர்கள். அவர் என்னைப் பார்த்ததும் தோளில் தட்டுவார் என்று நினைத்தேன். தட்டவில்லை.

"கிரைண்டர் எங்க வாங்குன மாப்ள? பழசு கெடைக்குமா?"

"எதுக்கு?"

"அடுத்த மாசத்துல இருந்து முன்னாடி வரிசைல இருந்த அம்புட்டுப் பேருக்கும் வேலை இல்ல. நேத்துதான் கூப்பிட்டுச் சொன்னாங்க. இன்னைக்கு உன் பேச்சைக் கேக்கச் சொன்னாங்க."

என் கையில் டீ இருந்தது. குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் இடம் இல்லை. அந்தப் புரோகிராம் யாருக்காக என்று அப்போதுதான் புரிந்தது. ஊசி போடுவதற்கு முன்னால் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவார்களே, அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நானும் நன்றாகவே ஆட்டியிருக்கிறேன்.

"ஒரிஜினல முதல்ல வாங்கிருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"கேட்டேன். ஆபீஸ்காரர் சிரிக்கிறாரு. நீங்களும் அவர் மாதிரி ஜெயிச்சுட்டு வாங்க, மேடையில வச்சே கொடுக்குறோம்கிறாரு."

இதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு வீட்டில் இருந்து போன் வந்தது. எதிர்முனைக்கு அவர்கள் பாஷையில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே நடந்து போய்விட்டார். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் வேலை போனதை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அந்தக் குரலில் நானும் என் வீட்டுக்குப் பேசியிருக்கிறேன்.

சென்னைக்குப் போய்ச் சரிபார்ப்பை முடித்துவிட்டு வந்தேன். முடிவு இன்னும் வரவில்லை. வந்த பிறகு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கவரைக் கொண்டுவரச் சொன்னார். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகள் ஒன்றுகூட இல்லை. பைலில் கோப்பதற்காக எல்லாச் சர்டிபிகேட்டிலும் ஓரத்தில் இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். பட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்து அந்த ஓட்டையோடு போய்விட்டது.

"பேங்க்லயா இப்படி ஓட்ட போட்டாய்ங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மேடையில் பேசியது வரைக்கும். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அந்த ஓட்டையை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"போகுது. திருப்பிக் குடுத்துட்டாய்ங்கள்ல. அம்புட்டுப் பேரும் குடுக்க மாட்டாய்ங்க. ஒரு நன்றியச் சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டேம்ப்பா. மைக் வச்சுச் சொன்னேன்."

"அதான். நாளப்பின்ன வேணும்ல."

அப்பா தன் கூலியை வாங்கும்போதும் இப்படித்தான். பகல் முழுக்கக் குனிந்து வேலை பார்த்துவிட்டு, களத்து ஓரமாக நின்று, தனக்குச் சேர வேண்டியதைத் துண்டில் வாங்கிக்கொண்டு, கொடுத்தவருக்குக் கும்பிடு போடுவார். சின்ன வயசில் அதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் படித்தால் அந்தக் கும்பிடு எங்கள் வீட்டோடு ஒழியும் என்று நினைத்துத்தான் படித்தேன். எம்.இ. வரைக்கும் படித்தும் அது ஒழியவில்லை. எனக்கு மேடையும் மைக்கும் கிடைத்ததுதான் மிச்சம்.

கணக்கு வாத்தியார் இப்போது செல்லூரில் அவர் வீட்டுக் கீழ் அறையில் மாவு அரைக்கிறார். பழைய கிரைண்டர் நான்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். மாவு பதம் சொல்லிக் கொடுத்தது என் மனைவி. முதல் நாளே பாக்கெட்டில் ஓட்டை போட்டுவிட்டார், அதனால் எதுவும் வெடிக்கவில்லை. அவரோடு வேலை போன இன்னொருவர் கப்பலூர் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராகப் போக முயன்றார். அங்கேயும் ஒரிஜினல் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டார். இவர்களைப் பற்றி யாரும் வீடியோ எடுக்க வரவில்லை. மாவு விற்கும் வாத்தியார் இப்போது புதுமை இல்லை அல்லவா?

போன வாரம் பிரின்சிபால் மறுபடியும் போன் பண்ணினார். அதே தேன். அட்மிஷன் சமயம். என் பேச்சை வீடியோவாகப் போட்டார்களாம், பெற்றோர்கள் நிறையப் பேர் பார்த்தார்களாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கிறார்கள், நான்தான் வந்து பேச வேண்டுமாம்.

"வாரேன் சார்" என்றேன். "கணக்கு வாத்தியார் ஒரிஜினல் என் கையில வரணும். மேடையில வேணாம். முதல் நாளே என் வீட்டுக்கு வரணும்."

"தம்பி, அதெல்லாம் கரஸ்பாண்டன்ட் விஷயம்..."

"கேட்டுச் சொல்லுங்க சார். மாவு அரைக்கணும், வைக்கிறேன்."

வைத்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. என்னுடைய சர்டிபிகேட் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, அவர்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது என்பது மண்டைக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸ்காரரே பைக்கில் வந்து கவரைக் கொடுத்துவிட்டு, இரண்டு பாக்கெட் மாவும் வாங்கிக்கொண்டு போனார். கவரைப் பிரித்து எண்ணினேன். எல்லாவற்றிலும் ஓரத்தில் இரண்டு ஓட்டை. செல்லூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கணக்கு வாத்தியார் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார்.

அன்று முன் வரிசையில் இருந்த மற்றவர்களின் சர்டிபிகேட் இன்னும் அந்தப் பீரோவில்தான் இருக்கிறது. அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக மாவு வாங்குவது மாதிரி கடைக்கு வருகிறார்கள். "அடுத்த தடவ எனக்குக் கேளுங்க சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு பேச்சுக்கு ஒருத்தருடைய ஒரிஜினல், அதுதான் இப்போதைக்கு என் ரேட். சவாலை வாய்ப்பாக மாற்றுவது என்றால் இதுதான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கண்ணாடி முன்னால் நின்று சிரிப்பதற்குப் பழகிக்கொண்டிருக்கிறேன். மேலூர்ப் பக்கத்தில் இருந்தெல்லாம் ஆள் வருவார்களாம். என் அப்பா மாதிரி ஆட்கள், கவரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நான் கல்லூரிக்கு நன்றி சொல்ல வேண்டும்.